ரோமிப்ளோஸ்டிம்

ரோமிப்ளோஸ்டிம் என்பது இரத்தத் தட்டணுக்கள் குறையும் ஐ.டி.பி. என்ற நோய்க்கு வாரம் ஒருமுறை தோலடியில் போடப்படும் ஊசி மருந்து. இதை உருவாக்கியது அமெரிக்காவின் ஆம்ஜென் நிறுவனம். வணிகப் பெயர் என்பிளேட். அமெரிக்காவில் 2008 ஆகஸ்டிலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009-லும் ஒப்புதல் பெற்றது. இந்தியாவில் உள்நாட்டு நிறுவனங்கள் தயாரிக்கும் உயிரொப்பு மருந்துகளாகவும் கிடைக்கிறது. பல ஆண்டுகள் இரத்தக்கசிவு பயத்தோடு வாழ்ந்த பலருக்கு நிம்மதி தந்த மருந்து இது. ஆனால் ஒரு வேளைக்கு உடலில் ஏறுவது பெரும்பாலும் சில சொட்டுகள்தான் என்பதால், கலப்பதிலும் அளப்பதிலும் கை தவறினால் அளவு பல மடங்கு மாறிவிடும்.

நோயின் இயல்பு

பேச்சு வழக்கில் பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள், நலமாக இருப்பவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். ஐ.டி.பி. நோயில் உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தத் தட்டணுக்களையே பகையாக எண்ணி எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. எதிர்ப்பொருள் ஒட்டிய தட்டணுக்களை மண்ணீரல் அழித்துவிடுகிறது. கால்களில் சிவப்புப் பொட்டுகள், இடிக்காமலே கன்றிப்போகும் தோல், ஈறிலும் மூக்கிலும் கசிவு, மாதவிடாயில் நிற்காத போக்கு ஆகியவை இதன் அடையாளங்கள். அரிதாக மூளையில் கசிவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகும்.

ஜெர்மானிய மருத்துவர் வெர்ல்ஹோஃப் 1735-லேயே இந்நோயை விவரித்துவிட்டார். காரணம் புலப்பட இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1950-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர், ஐ.டி.பி. நோயாளி ஒருவரின் இரத்தத்தைத் தன் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அதலபாதாளத்துக்குச் சரிந்தன, வலிப்பும் வந்தது. சில நாட்களில் தேறினார். தட்டணுவை அழிக்கும் ஏதோ ஒன்று நோயாளியின் இரத்தத்தில் இருக்கிறது என்பதற்கு அவர் உடலே சான்றானது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது. ஆயினும் இந்நோயின் மருத்துவம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அழிவு மட்டுமே குறைவுக்குக் காரணமில்லை என்பது பின்னர் தெரிந்தது. தட்டணுக்களை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜையும் இழப்பை ஈடுகட்டும் வேகத்தில் வேலை செய்வதில்லை. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், மண்ணீரல் அகற்றும் அறுவை ஆகிய பழைய சிகிச்சைகள் அழிவைத் தடுக்கப் பார்த்தன. ரோமிப்ளோஸ்டிம் உற்பத்தியைத் தூண்டுகிறது.

உருவான வரலாறு

மஜ்ஜைக்குத் தட்டணு உற்பத்தி செய்யக் கட்டளையிடும் இயற்கைச் சுரப்பு திராம்போபொய்ட்டின். 1994-ல் அதன் மரபணு பிரித்தறியப்பட்டதும், அதைப் போன்ற ஒரு புரதத்தைச் செயற்கையாகச் செய்து ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். தட்டணுக்கள் ஏறத்தான் செய்தன. ஆனால் ஊசி பெற்ற சிலரின் உடல் அந்தப் புரதத்துக்கு எதிராக எதிர்ப்பொருளை உருவாக்கியது; அது அவர்களுடைய சொந்தத் திராம்போபொய்ட்டினையும் முடக்கியது. நலமாக இருந்து சோதனைக்கு முன்வந்தவர்களுக்கே தட்டணுக் குறைவு நோய் வந்துவிட்டது. 1998-ல் அந்த ஆய்வு நிறுத்தப்பட்டது.

ரோமிப்ளோஸ்டிமின் வடிவத்தை அந்தப் பாடம்தான் தீர்மானித்தது. திராம்போபொய்ட்டினின் ஏற்பியில் பொருந்த வேண்டும், ஆனால் அமினோ அமில வரிசையில் அதோடு எந்த ஒற்றுமையும் இருக்கக் கூடாது என்று தேடி, 14 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு பெப்டைடைக் கண்டெடுத்தார்கள். அதன் நான்கு பிரதிகளை எதிர்ப்பொருளின் ஒரு துண்டோடு இணைத்து, உடலில் நெடுநாள் தங்குமாறு செய்தார்கள். ஈ. கோலி பாக்டீரியாவில் இது தயாராகிறது. அந்தப் பாக்டீரியா வழிப் புரதங்களுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தரக் கூடாது.

2008-ல் லான்செட் இதழில் வெளியான இரு ஆய்வுகளில் 125 பேர் பங்கேற்றனர். சிகிச்சை 24 வாரம் நீடித்தது. மருந்து பெற்றவர்களுள், மண்ணீரல் அகற்றப்படாதவர்களில் 61 விழுக்காட்டினருக்கும், அகற்றப்பட்டவர்களில் 38 விழுக்காட்டினருக்கும் தட்டணு உயர்வு நிலைத்தது. மண்ணீரலை எடுத்தும் நோய் தீராதவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பலன் கண்டது பெரிய செய்தி.

அளவும் இலக்கும்

தொடக்க அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம், வாரம் ஒருமுறை. ஒவ்வொரு வாரமும் இரத்தம் எடுத்துப் பார்த்து, எண்ணிக்கை 50,000-ஐத் தொடும் வரை கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் வீதம் கூட்டுவார்கள். உச்சவரம்பு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். ஆய்வுகளில் பலருக்கு இரண்டு மூன்று மைக்ரோகிராமே போதுமானதாக இருந்தது. பெரியவர்களுக்குச் சிகிச்சை தொடங்கிய நாளின் எடையே கடைசிவரை கணக்கு. வளரும் குழந்தைகளுக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை எடையைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இலக்கு 50,000 என்பதை நோயாளியும் குடும்பமும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். பரிசோதனைத் தாளில் ‘இயல்பு அளவு 1,50,000’ என்று அச்சாகியிருப்பதைப் பார்த்துவிட்டு, “இன்னும் லட்சம் குறைகிறதே டாக்டர், டோஸைக் கூட்டுங்கள்” என்று கேட்பது இயல்பு. அந்தக் கோரிக்கைக்கு மருத்துவர் இணங்கக் கூடாது. இரத்தம் கசியாமல் காப்பதே இந்த ஊசியின் வேலை. தாளில் உள்ள எண்ணை எட்டுவதற்காக மருந்தைக் கூட்டினால் இரத்தக்கட்டி ஆபத்துதான் கூடும். அமெரிக்க நெறிப்படி எண்ணிக்கை தொடர்ந்து இரு வாரம் 2 லட்சத்தைத் தாண்டினால் அளவைக் குறைக்க வேண்டும். 4 லட்சத்தைத் தாண்டினால் ஊசியையே நிறுத்திவைக்க வேண்டும். ஐரோப்பிய நெறி இன்னும் கண்டிப்பானது: அங்கே அந்த வரம்புகள் ஒன்றரை லட்சமும் இரண்டரை லட்சமும். உச்ச அளவில் நான்கு வாரம் கொடுத்தும் போதிய பலன் இல்லையென்றால் மருந்தைக் கைவிட வேண்டியதுதான்.

கலப்பதும் அளப்பதும்

பிழை பெரும்பாலும் நேரக்கூடிய இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். குப்பியின் அடியில் வெண்ணிறத் தூள் கட்டிபோல் படிந்திருக்கும். என்பிளேட்டின் 250 மைக்ரோகிராம் குப்பிக்கு 0.72 மில்லிலிட்டர், 500 மைக்ரோகிராம் குப்பிக்கு 1.2 மில்லிலிட்டர் ஊசிக்கான ஸ்டெரைல் வாட்டர் சேர்க்க வேண்டும். பதப்பொருள் கலந்த நீர் ஆகாது. வேறு நிறுவனத் தயாரிப்பு என்றால் அதன் பெட்டியில் உள்ள தாளைப் படித்தே கலக்க வேண்டும்.

நீர் சேர்த்ததும் குலுக்கக் கூடாது. குப்பியை விரல்களுக்கிடையே பிடித்து மெல்லச் சுழற்ற வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் தூள் கரைந்து, நிறமற்ற தெளிந்த நீராகிவிடும். கலங்கலோ துகளோ தெரிந்தால் அந்தக் குப்பி வேண்டாம். இப்போது ஒரு மில்லிலிட்டரில் 500 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது.

அறுபது கிலோ எடையுள்ள ஒருவரின் முதல் ஊசிக்கு 60 மைக்ரோகிராம் வேண்டும். அதாவது 0.12 மில்லிலிட்டர். தசமப் புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் 1.2 மில்லிலிட்டர், பத்து மடங்கு. அதனால் 0.01 மில்லிலிட்டர் கோடு போட்ட சிரிஞ்சுதான் தேவை. நம் ஊர் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சிவப்பு மூடி இன்சுலின் சிரிஞ்சு, மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கணக்கில் கோடு போட்டது. அதில் 12-ஆம் கோடு வரை இழுத்தால் வருவது 0.3 மில்லிலிட்டர்; தேவையைப் போல் இரண்டரை மடங்கு. பார்த்தால் இரண்டு சிரிஞ்சும் ஒன்றுபோலவே இருப்பதால்தான் இது ஆபத்து.

குப்பியில் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகவே மருந்து நிரப்பப்பட்டிருக்கும். வீணாகிறதே என்று முழுவதையும் உறிஞ்சிப் போடக் கூடாது. விலை உயர்ந்த மருந்தைக் கொட்டுவது மனதுக்கு வலிக்கும். ஆனாலும் மீதியைக் கொட்டத்தான் வேண்டும். இரண்டு குப்பிகளின் மிச்சத்தை ஒன்றாகச் சேர்ப்பதும் கூடாது. குழந்தைகளுக்கு 23 மைக்ரோகிராமுக்குக் குறைவான அளவு தேவைப்பட்டால், பதப்பொருள் இல்லாத உப்பு நீரால் மேலும் நீர்த்து, மில்லிலிட்டருக்கு 125 மைக்ரோகிராம் ஆக்கிய பிறகே அளக்க வேண்டும்.

கலக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி குளிரில், வெளிச்சம் படாமல் அதன் அட்டைப் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். உறைந்துவிடக் கூடாது; ஆகவே ஃப்ரீசருக்குப் பக்கத்துத் தட்டு ஏற்றதல்ல. கலந்த மருந்துக்கு ஆயுள் 24 மணி நேரம்.

வயிறு, தொடை, மேற்கை ஆகிய இடங்களில் மாற்றி மாற்றித் தோலடியில் போடலாம். தட்டணு குறைந்தவர்களுக்குத் தசை ஊசி கூடாது. போட்ட இடத்தைத் தேய்க்காமல் பஞ்சால் அழுத்திப் பிடிப்பது நல்லது. எண்ணிக்கை நான்கு வாரமாவது 50,000-க்கு மேல் நிலைத்து, அளவும் மாறாமல் இருந்தால், பெரியவர்கள் பயிற்சி பெற்றுத் தாமே போட்டுக்கொள்ள ஐரோப்பாவில் மருத்துவர் அனுமதிக்கலாம். அமெரிக்க நெறி அதற்கு இடம் தருவதில்லை.

ஆபத்துகள்

தலைவலி, மூட்டுவலி, தலைச்சுற்றல், தூக்கமின்மை ஆகியவை அடிக்கடி காணப்படுபவை. கவலைப்பட வேண்டியவை வேறு. முதலாவது, இரத்தக்கட்டி. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால் அடுத்த ஊசிவரை காத்திருக்கக் கூடாது. நாட்பட்ட கல்லீரல் நோய் உள்ளவர்களுக்குக் கல்லீரல் வாயில் நாளத்தில் அடைப்பு வரலாம். இரண்டாவது, சிலருக்கு மஜ்ஜையில் நார்த்தன்மை கூடுகிறது. மருந்தின் பலன் திடீரென மங்கினால் இதையும், மருந்துக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்க எண்ணுபவர்களும் பாலூட்டுபவர்களும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மையலோடிஸ்பிளாசியா என்ற மஜ்ஜை நோயால் வரும் தட்டணுக் குறைவுக்கு இம்மருந்து ஆகாது. அந்நோய் இரத்தப் புற்றாக முற்றும் அபாயம் உண்டு.

தமிழ்நாட்டில் தட்டணு என்றாலே டெங்கு நினைவுக்கு வருவதால் இதையும் சொல்ல வேண்டும்: ரோமிப்ளோஸ்டிம் டெங்குவுக்கான மருந்தல்ல. ஊசியின் முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் பிடிக்கும். டெங்குவில் அதற்குள் தட்டணுக்கள் பெரும்பாலும் தாமாகவே ஏறிவிடும். “பிளேட்லெட் ஏற்றும் ஊசி இருக்காமே, அதைப் போடுங்கள்” என்று மருத்துவரை நெருக்குவதில் பயனில்லை.

கதிர்வீச்சால் மஜ்ஜை பாதிக்கப்பட்டவர்களுக்கு ரோமிப்ளோஸ்டிமைப் பயன்படுத்த 2021-ல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அவர்களுக்கு வாராவாரம் இல்லை, ஒரே ஒருமுறைதான் ஊசி.

நிறுத்தும்போது

இந்த மருந்து நோயின் வேரை அறுப்பதில்லை. நிறுத்தினால், எண்ணிக்கை பழைய நிலைக்கும் கீழே சரிந்து கசிவு வரக்கூடும். அதனால் நிறுத்திய பிறகும் குறைந்தது இரண்டு வாரமாவது வாராவாரம் இரத்தம் பார்க்க வேண்டும். ஊரில் திருவிழா, பயணம், பணத் தட்டுப்பாடு என்று ஒரு வாரம் விட்டுப்போனால் மருத்துவருக்குச் சொல்லுங்கள். அடுத்த வாரம் இரட்டிப்பாகப் போட்டு ஈடுகட்டாதீர்கள். உடல் வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வாங்கி விழுங்காதீர்கள். ஒரு சிறு நோட்டில் தேதி, தட்டணு எண்ணிக்கை, மைக்ரோகிராம், மில்லிலிட்டர் நான்கையும் ஒவ்வொரு வாரமும் எழுதி வாருங்கள். வேறு ஊரில் வேறு செவிலியர் ஊசி போட நேர்ந்தால், சிரிஞ்சில் மருந்தை இழுக்கும் முன் அந்த நோட்டை அவர் கையில் கொடுங்கள்.