டிராபிக் அபராதம் எந்த மாநிலத்தில் விழுந்தது? கோபிநத்தம் போன்ற எல்லை ஊர்களில் செலானைத் தேடுவது, முடிப்பது எப்படி?

கோபிநத்தத்தில் பைக்கை ஸ்டார்ட் செய்து மேட்டூர் பக்கம் கிளம்பினால், பாலாறு வரைதான் கர்நாடகா. அதைத் தாண்டியதும் தமிழ்நாடு. கொளத்தூர், மேட்டூர் என்று ரோடு போகிறது. எதிர்ப்பக்கம் திரும்பினால் மாதேஸ்வரன் மலை, ஹனூர், கொள்ளேகால். வீட்டில் பேசுவது தமிழ். வண்டியின் நம்பர் பெரும்பாலும் சாமராஜநகருக்கு உரிய கேஏ-10. சந்தை, ஆஸ்பத்திரி, கூலி வேலை எல்லாம் இரண்டு மாநிலத்திலும் உண்டு. ஆகவே டிராபிக் அபராதமும் இரண்டு மாநிலத்திலும் விழும்.

வீரப்பன் ஊர் என்றுதான் இந்தக் கிராமத்தை வெளியில் தெரியும். இன்றைக்கு இங்கே இருப்பவருக்குப் போலீஸோடு வரக்கூடிய தொல்லை அநேகமாக ஒரு எஸ்எம்எஸ்ஸாகத்தான் இருக்கும். அதுகூட பலருக்கு வந்து சேர்வதில்லை. ஆர்சி புக்கில் ஏறியிருப்பது ஷோரூம்காரர் கொடுத்த நம்பராகவோ, வண்டியை விற்றவரின் நம்பராகவோ இருக்கும். ஆர்டிஓ ஆபீஸில் பெயர் மாற்றப் போய் நிற்கும்போதுதான், "உங்க வண்டி மேல கேஸ் நிலுவையில இருக்கே" என்று சொல்வார்கள். ஆகவே செலான் எங்கே பதிவாகிறது, எப்படித் தேடுவது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஒரே தவறு, இரண்டு விலை

முதலில் மனதில் வைக்க வேண்டியது இது: செலான், வண்டி எந்த மாநிலத்து நம்பர் என்பதைப் பார்த்து வருவதில்லை. தவறு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர் போலீஸுக்கும், அந்த ஊர் கோர்ட்டுக்கும் உரியது. கேஏ-10 வண்டிக்கு மேட்டூரில் விழுந்த அபராதத்தைக் கொள்ளேகாலில் போய்க் கேட்டால் ஒன்றும் நடக்காது.

தொகையும் மாறும். மத்திய மோட்டார் வாகனச் சட்டம் ஒன்றுதான். 2019 செப்டம்பர் 1 முதல் அதில் அபராதங்கள் பெரிதாக உயர்ந்தன. ஆனால் கோர்ட்டுக்குப் போகாமல் அங்கேயே கட்டி முடிக்கும் சமாதானத் தொகையை நிர்ணயிக்கும் அதிகாரம், சட்டத்தின் 200-வது பிரிவின்படி மாநில அரசுகளிடம் இருக்கிறது. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் கர்நாடகாவில் 500 ரூபாய். 2019 செப்டம்பரிலேயே அங்கே 1,000-ஐப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் 1,000 ரூபாய். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் இரு மடங்கு.

எல்லாவற்றையும் இப்படிக் கட்டி முடித்துவிட முடியாது. குடித்துவிட்டு ஓட்டியது (185-வது பிரிவு) கோர்ட்டுக்குத்தான் போகும். 18 வயது ஆகாத பையன் ஓட்டிய வழக்கும் (199ஏ) அப்படியே. இதில் அப்பாவோ, வண்டியின் உரிமையாளரோதான் மாட்டுவார்: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பள்ளிக்கூடத்துக்குத்தானே போகிறான் என்று சாவியைக் கொடுப்பவர்கள் இந்தத் தொகையை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சரி, எங்கே தேடுவது?

மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்றில் காணவில்லை என்பதால் செலானே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

முதலாவது, மத்திய அரசின் பரிவாஹன் இ-செலான் தளம். தமிழ்நாட்டில் போலீஸார் கையில் வைத்திருக்கும் மெஷினில் போடும் செலானும், ஆர்டிஓ அதிகாரிகள் போடுவதும் இங்கே தெரியும். 'செலான் ஸ்டேட்டஸ்' என்ற பகுதிக்குப் போனால் செலான் நம்பர், வண்டி நம்பர், லைசென்ஸ் நம்பர் என்று மூன்று வழி கொடுத்திருப்பார்கள். வண்டி நம்பரைப் போட்டால் சேசிஸ் நம்பர் அல்லது எஞ்சின் நம்பரின் கடைசி 5 இலக்கங்களையும் கேட்கும். இரண்டும் ஆர்சி புக்கில் இருக்கும், அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். லைசென்ஸ் நம்பரைப் போட்டும் ஒரு தடவை தேடுங்கள். அடுத்தவர் வண்டியை நீங்கள் ஓட்டியபோது விழுந்தது அதில்தான் வரும்.

இரண்டாவது, கர்நாடக போலீஸின் பதிவு. பெங்களூரு, மைசூரு டிராபிக் போலீஸார் போடும் வழக்குகளுக்கு அந்தத் துறைக்கே தனி ஏற்பாடு உண்டு. கர்நாடக போலீஸின் கேஎஸ்பி செயலி, கர்நாடகா ஒன் இணையதளம், பெங்களூரு போலீஸின் அஸ்திரம் செயலி இவற்றில் வண்டி நம்பரைக் கொடுத்துப் பார்க்கலாம், பணமும் கட்டலாம். போனில் சரிப்படாதவர்கள் டிராபிக் போலீஸ் ஸ்டேஷனுக்கோ கர்நாடகா ஒன் மையத்துக்கோ நேரில் போகலாம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் ஆறு மாதம் பைக் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சிக்னலில் கேமரா எடுத்த படம் ஒவ்வொன்றும் ஒரு வழக்கு. ஐந்தாறு சேர்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. மைசூரு–பெங்களூரு விரைவுச் சாலையின் நடுப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர் போகக் கூடாது, சர்வீஸ் ரோடுதான். தெரியாமல் ஏறியவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, விர்ச்சுவல் கோர்ட். கட்டாமல் கிடக்கும் செலானைப் போலீஸார் இங்கே அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகு இ-செலான் தளத்தில் பணம் கட்ட முடியாது, கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டது என்று காட்டும். இதைப் பார்த்ததும் பலர் பயந்துபோய் வக்கீலையோ புரோக்கரையோ தேடி ஓடுகிறார்கள். அவசரம் வேண்டாம். இ-கோர்ட்ஸ் திட்டத்தின் விர்ச்சுவல் கோர்ட் தளத்தில் உங்கள் தவறு நடந்த மாநிலத்தின் போக்குவரத்துப் பிரிவைத் தேர்வு செய்யுங்கள். போன் நம்பர், சிஎன்ஆர் நம்பர், பெயர், அல்லது செலான் அல்லது வண்டி நம்பர் போட்டால் வழக்கு வரும். நீதிபதி குறித்த தொகையும் அதில் இருக்கும். கீழே இரண்டு வழி: அபராதம் கட்டுகிறேன், அல்லது வழக்கை எதிர்க்கிறேன்.

கட்டுவதா, எதிர்ப்பதா?

படத்தைப் பார்க்காமல் கட்டாதீர்கள். பணம் கட்டினால் தவறை ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

கேமரா செலான்களுக்கு 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ என்ற விதி இருக்கிறது. தவறு தெரிகிற படம், வண்டியின் நம்பர் பிளேட், தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு மீறப்பட்டது என்ற விவரம், மின்னணு சாட்சியத்துக்கான சான்றிதழ் ஆகியவை நோட்டீஸில் இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. வேகம் என்றால் கருவி காட்டிய அளவும் வேண்டும். தவறு நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கேமரா இருக்கும் சாலையில் அதைச் சொல்லும் பலகையும் வைத்திருக்க வேண்டும்.

படத்தில் இருப்பது ஸ்கூட்டர், உங்களிடம் இருப்பது டிவிஎஸ் எக்ஸ்எல் என்றால் விஷயம் சுலபம். நம்பரில் ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்திருக்கலாம், அல்லது யாரோ உங்கள் நம்பரைப் போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கலாம். ஆர்சி புக், வண்டியின் முன்பக்க, பின்பக்கப் படங்களோடு இ-செலான் தளத்தின் புகார்ப் பகுதியில் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கர்நாடக போலீஸ் வழக்கு என்றால் செலான் போட்ட ஸ்டேஷனில் இதே ஆவணங்களைக் காட்டலாம். போலி நம்பர் என்று சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிப் போலீஸில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்துவிடுவது நல்லது. நாளைக்கு அந்த வண்டி ஒரு விபத்தில் சிக்கினால் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

விர்ச்சுவல் கோர்ட்டில் 'எதிர்க்கிறேன்' என்று அழுத்தினால், வழக்கு அந்தந்தப் பகுதியின் வழக்கமான கோர்ட்டுக்கு மாறும். மேட்டூரில் நடந்தது என்றால் கோபிநத்தத்திலிருந்து அங்கே போய்வர வேண்டும். ஒரு நாள் கூலி, பஸ் செலவு, வாய்தா போட்டால் இன்னொரு நாள். சின்ன வழக்குகளில் வக்கீல் மூலம் ஆஜராக கோர்ட் அனுமதிக்கலாம், அதற்கும் செலவுதான். தப்பே செய்யாத 500 ரூபாய் செலானைக்கூட பலர் கட்டிவிட்டுப் போவது இந்தக் கணக்கால்தான். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் லைசென்ஸைப் பாதிக்கக்கூடிய பிரிவாக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். ஹெல்மெட் வழக்குக்கு உரிய 194டி பிரிவிலேயே 3 மாத லைசென்ஸ் தகுதிநீக்கமும் சொல்லப்பட்டிருக்கிறது.

பாதித் தொகை சலுகைக்குக் காத்திருக்கலாமா?

கர்நாடகா இரண்டு ஆண்டுகளில் இந்தச் சலுகையைக் கொடுத்திருக்கிறது. 2023 பிப்ரவரி 3 முதல் 11 வரை நிலுவை செலான்களுக்கு 50 சதவீதத் தள்ளுபடி. பெங்களூருவில் மட்டும் 120 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது. 2025 ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 12 வரை மீண்டும் கொடுத்தார்கள். இவை கர்நாடகாவில் பதிவான வழக்குகளுக்கு மட்டும். மேட்டூர், சேலம் செலானுக்குப் பொருந்தாது.

அவசர வேலை எதுவும் இல்லாதவர் காத்திருந்து பார்க்கலாம் என்று நினைப்பது இயற்கைதான். ஆனால் செலான் தீராமல் கிடந்தால் பெயர் மாற்றம், என்ஓசி போன்ற வேலைகள் வாகனப் பதிவேட்டில் முடங்கும். வண்டியை விற்கவோ, வேறு மாநிலத்துக்கு மாற்றவோ போகிறவர் காத்திருப்பதில் லாபமில்லை.

பணம் போயிருச்சு, 'பெண்டிங்' என்றே காட்டுது!

மலைப்பகுதியில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது இது சகஜம். உடனே இன்னொரு தடவை கட்டாதீர்கள். இ-செலான் தளத்திலேயே நிலுவையிலுள்ள, தோல்வியடைந்த பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. செலான் நம்பரைப் போட்டு அதைப் பாருங்கள். விர்ச்சுவல் கோர்ட்டில் கட்டியது வாகனப் பதிவேட்டில் ஏறச் சில நாள் ஆகலாம். அதுவரை ரசீதை போனில் மட்டும் வைக்காமல் ஒரு பிரிண்ட் எடுத்து ஆர்சி புக்கோடு வையுங்கள். ரோட்டில் நேரடியாகப் பணம் கட்டினாலும் மெஷின் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் கொடுத்த பணம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு

எல்லை ஊர்களில் மேட்டூர், சேலம் பக்கத்து டிஎன் நம்பர் பைக்கை வாங்கி அப்படியே ஓட்டுவது வழக்கம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் செலான் போகும். விற்றவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள்ளும், வேறு மாநிலம் என்றால் 45 நாளுக்குள்ளும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 50-வது பிரிவு. வேறு மாநில நம்பர் வண்டியை 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்சி புக்கைக் கேட்டு வாங்கி, மேலே சொன்ன மூன்று இடத்திலும் நம்பரைப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை. பழைய செலான் இருந்தால் விற்பவரே கட்டி ரசீது தரட்டும், அல்லது விலையில் கழித்துக்கொள்ளுங்கள். கைக்கு வந்ததும் உங்கள் போன் நம்பரைப் பரிவாஹன் தளத்தில் ஏற்றிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் செலான் வந்தால்?

திறக்காதீர்கள். ஆர்டிஓ, பரிவாஹன் பெயரில் 'ஏபிகே' ஃபைல் அனுப்பி, அதை போனில் ஏற்றியதும் ஓடிபி செய்திகளைத் திருடி வங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடி சில ஆண்டுகளாக நாடு முழுக்க நடக்கிறது. செலான் கட்ட எந்த ஃபைலையும் இறக்க வேண்டியதில்லை. பரிவாஹன், விர்ச்சுவல் கோர்ட் தளங்களின் முகவரி 'டாட் கவ் டாட் இன்' என்றுதான் முடியும். எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்கைத் தட்டுவதைவிட, முகவரியை நீங்களே அடித்து உள்ளே போங்கள். ஏற்கெனவே ஃபைலை ஏற்றிவிட்டீர்கள், பணம் போய்விட்டது என்றால் நெட்டை அணைத்துவிட்டு, வேறொரு போனில் இருந்து உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். வங்கிக்கும் அப்போதே சொல்லி கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.