ஜொகூரில் வாழ்ந்த சிற்பி டோரா கோர்டின்

உலு திராமுக்குத் தெற்கே உள்ள ஜொகூர் பாருவில், 1930 முதல் 1935 வரை ஐரோப்பியப் பெண் சிற்பி ஒருவர் வாழ்ந்தார் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அவர் பெயர் டோரா கோர்டின். லாட்வியா நாட்டில் 1895-இல் பிறந்தவர், எஸ்தோனியாவில் வளர்ந்தவர். தம் வயதைக் குறைத்துச் சொல்லும் வழக்கம் அவருக்கு இருந்தது. பிறந்த ஆண்டைப் பிற்கால ஆய்வாளர்களே தெளிவுபடுத்தினர்.

பாரிஸில் 1926-இல் காட்சிக்கு வைக்கப்பெற்ற 'சீனத் தத்துவஞானி' என்னும் தலைச்சிற்பம் அவருக்குப் புகழ் தேடித் தந்தது. 1928-இல் லண்டனில் நடந்த தனிக் கண்காட்சி அப்புகழை வளர்த்தது. சிற்பம் ஆடவர் தொழிலென்று கருதப்பட்ட காலம் அது!

சிங்கப்பூர் நகராண்மைக் கழகம் 1929-இல் எழுப்பிய புதிய கட்டடத்திற்கு, அந்நகரின் இனத்தாரைக் காட்டும் வெண்கலத் தலைகளைச் செய்யும் பணி அவருக்குக் கிடைத்தது. மலாயரும் சீனரும் இந்தியரும் அவர் கைவண்ணத்தில் உருப்பெற்றனர். ஜொகூரில் பணிபுரிந்த மருத்துவர் கார்லிக்கை 1930-இல் மணந்து இங்கேயே தங்கினார்.

அவருடைய தலைகளில் ஏளனமோ, வேடிக்கை பார்க்கும் போக்கோ இல்லை. இமை தாழ்ந்த அமைதியும் இதழோரத்து நுண்மையும் பார்ப்பவரை நிறுத்திவிடும். வார்ப்பு முடிந்த பின், முகத்துக்கு முகம் வெண்கலத்தின் நிறத்தையும் வேறுபடுத்துவார். தோட்டத் தொழிலாளி பெரட்டில் ஓர் ஆளாக மட்டும் எண்ணப்பட்ட நாளில், ஆசிய முகத்தை இவ்வளவு பொறுமையுடன் நோக்கியது சிறிய செய்தியன்று.

ஆயினும் ஒரு குறை உண்டு. பிற்காலத்தில் அவர் வடித்த ஆங்கில நடிகை ஈடித் எவான்ஸின் தலை அவர் பெயராலேயே வழங்குகிறது. கீழ்நாட்டாரின் தலைகளோ பெரும்பாலும் 'மலாய்த் தலை', 'ஜாவாத் தலை' என இனப்பெயராலேயே நிற்கின்றன. நம் கோயில் செப்புத் திருமேனிகளில் வடித்தவர் பெயர் மறைந்தது. இங்கே வடித்தவர் பெயர் நிலைத்து, எதிரே அமர்ந்தவர் பெயர் மறைந்தது. குடியேற்ற ஆட்சியின் கண்ணோட்டம் இப்பெயர்களில் படிந்திருக்கிறது. முகங்களில் அது இல்லை.

1935-இல் ஜொகூரை விட்டு நீங்கிய டோரா, மறு ஆண்டு ரிச்சர்ட் ஹேரை மணந்தார். லண்டனில் தாமே வடிவமைத்த டோரிச் இல்லத்தில், சிற்பக் கூடங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்தார். 1966-இல் கணவர் இறந்த பின்னும் அவ்வீட்டை விட்டு அகலவில்லை. 1991-இல் அவர் மறைந்த பிறகு அது காட்சியகமாயிற்று. சிங்கப்பூர்க் கட்டடமும் 2015 முதல் தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதியாக விளங்குகிறது.