மலைக்கு வந்த சர்வகலாசாலை

பொல்பிட்டியவில் வாழும் நமக்கு நீரின் கதையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் வெவ்வேறு பள்ளத்தாக்குகளில் இறங்கி வந்து, நம் பகுதியிலே கூடிக் களனி கங்கையாகின்றன. அந்நீரை ஓரிடத்தில் தேக்கி, ஓரிடத்தில் திருப்பி, வேறோரிடத்தில் சேர்த்து மின்சாரமாக்கினார்கள். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்த எண்ணம், 1950இல் லக்சபான நிலையமாகவும் 1969இல் பொல்பிட்டிய நிலையமாகவும் உருப்பெற்றது. நம் மலையிற் பிறந்த ஒளி கம்பி வழியே கொழும்பைச் சென்றடைந்த காலத்தில், பக்கத்து லயத்துக் காம்பராக்களிலே குப்பி விளக்குத்தான் எரிந்துகொண்டிருந்தது. ஒன்று நமக்கு அருகில் இருப்பது வேறு, அது நமக்குக் கிடைப்பது வேறு என்பதை நம் பெரியோர் அன்றே அறிந்திருந்தனர்.

கல்வியென்னும் ஒளிக்கும் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. இலங்கையின் உயர்கல்வி ஓரிடத்தில் தோன்றி, மற்றோரிடத்துக்குப் பெயர்ந்து, பின்னர் பல இடங்களுக்குப் பகிரப்பட்ட வரலாறு அது. மலையகத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று நாம் கேட்டுவரும் இந்நாளில், சங்கத்து இளைஞர்கள் அதனை அறிந்திருத்தல் நலம்.

அருணாசலம் கண்ட கனவு

இந்நாட்டு மக்களுக்கென ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்று முன்னின்று உழைத்தவர்களுள் முதன்மையானவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். 1906ஆம் ஆண்டில் அவர் முதலானோர் இதற்கென ஒரு சங்கம் அமைத்துக் குரலெழுப்பினர். பதினைந்து ஆண்டு முயற்சியின் பயனாக 1921இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயினும் அது தன் பெயரிற் பட்டம் வழங்கவில்லை; மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கே தோற்றினர். அதே 1921ஆம் ஆண்டில் அவருடைய தமையனார் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே பரமேசுவராக் கல்லூரியை நிறுவினார். அண்ணன் கட்டிய அக்கல்லூரி பிற்காலத்தில் இக்கதைக்குள் மீண்டும் வரும்.

அருணாசலம் 1924இல் மறைந்தார். இலங்கைப் பல்கலைக்கழகம் முழு உரிமையுடன் தோன்றியது 1942ஆம் ஆண்டு ஜூலை முதலாம் திகதியன்றுதான். சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் உபவேந்தர். மறு ஆண்டிலே இராமகிருஷ்ண மிஷன் துறவியாகிய சுவாமி விபுலாநந்தர் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார்.

கொழும்பா, கண்டியா?

பல்கலைக்கழகம் பிறக்குமுன்னரே அதன் இருப்பிடம் பற்றிய வழக்குப் பிறந்துவிட்டது. 1920களில் தொடங்கிய அவ்விவாதத்தை ‘இடப்போர்’ என்றே வரலாற்றாசிரியர் வழங்குவர். கொழும்பே தக்கது என்றோர், பெரிய மருத்துவமனையும் நீதிமன்றங்களும் நூல்நிலையங்களும் அங்கேயே உள்ளன என்றனர். கண்டிப் பக்கமே தக்கது என்றோர், ஆசிரியரும் மாணவரும் ஒரே வளவில் தங்கிப் பயில்வதற்கு நகரத்துச் சந்தடி ஆகாது என்றனர். பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்தன கண்டிப் பக்கத்துக்காக வாதாடியவருள் ஒருவர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஈற்றில், 1930களின் முடிவில், ஹந்தானை மலையடிவாரத்திலே மகாவலி கங்கையை ஒட்டிய பேராதனை தேர்ந்தெடுக்கப்பட்டது.

அந்நிலம் அதற்குமுன் ஒரு தோட்டமாக இருந்தது என்பதை நம் இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். தொழிலாளர் காடு திருத்திப் பண்படுத்திய தோட்டத்து மண்ணிலேதான் நாட்டின் தலைமைக் கலைக்கோயில் எழுந்தது.

1949இல் சட்டத்துறையும் விவசாயமும் முதலில் அங்கு சென்றன. 1952இல் கலைப்பீடம் பெயர்ந்தது. தமிழ்த்துறை பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அவர்கள் தலைமையில் மகாவலிக் கரைக்கு வந்தது. 1947இலேயே மறைந்துவிட்ட விபுலாநந்த அடிகள் அதனைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. பின்னர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் கிராமத்து நாட்டுக்கூத்தைப் பேராதனை மேடையேற்றிப் புத்துயிர் அளித்ததும், மாணவர் வழிபாட்டுக்குக் குறிஞ்சிக் குமரன் கோயில் எழுந்ததும் அவ்வளவிலேயே. அருணாசலம், இராமநாதன் ஆகிய இருவர் பெயரும் அங்கே மாணவர் விடுதிகளின் பெயராக நிலைத்துள்ளன.

1954 ஏப்ரல் 20ஆம் திகதி எடின்பரோக் கோமகன் பல்கலைக்கழகத்தை முறைப்படி திறந்துவைத்தார். ஏற்கனவே திறந்து நடைபெறும் ஒன்றைத் திறக்கச் சொன்னார்களே என்று, அது ‘வழக்கத்திலும் கூடுதலாகத் திறந்திருப்பதாக’ அவர் வேடிக்கையாகப் பிரகடனஞ் செய்தது இன்றும் நினைவுகூரப்படுகிறது. அறிவே அனைவர்க்கும் கண் என்னும் பொருள்படும் வடமொழி வாசகம் அப்பல்கலைக்கழகத்தின் மகுடவாசகம். அந்த ‘அனைவர்’ என்னும் சொல்லுக்குள் அந்நாளில் நாம் அடங்கினோமா என்பதுதான் கேள்வி.

போனவையும் திரும்பியவையும்

எல்லாத் துறைகளும் மலையேறிவிடவில்லை. ஏறியவை எல்லாம் அங்கேயே தங்கிவிடவும் இல்லை. மருத்துவம் பெரிய மருத்துவமனையை விட்டுப் பிரிய இயலாமையாற் கொழும்பிலேயே நின்றது. 1962இற் பேராதனையில் இரண்டாவது மருத்துவ பீடம் தனியாகத் தொடங்கப்பட்டது. முதலிற் சென்ற சட்டத்துறை 1965இல் மீண்டும் கொழும்புக்கே வந்து சேர்ந்தது. மாறாக, 1950இற் கொழும்பில் ஆரம்பித்த பொறியியற் பீடம் 1960களின் நடுப்பகுதியிற் பேராதனைக்குப் பெயர்ந்தது. நோயாளி இருக்குமிடத்தில் மருத்துவமும், வழக்கு நடக்குமிடத்தில் சட்டமும் நின்றன. ஒவ்வொரு கல்விக்கும் அதற்கென ஒரு நிலமும் நீரும் உண்டு என்பதை அனுபவம் கற்பித்தது. 1967இற் கொழும்பு தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

1972ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையை அடியோடு மாற்றியது. பேராதனை, கொழும்பு, வித்தியோதயம், வித்தியாலங்காரம், கட்டுபெத்தை என்னும் ஐந்தும் ‘இலங்கைப் பல்கலைக்கழகம்’ என்ற ஒரே அமைப்பின் வளாகங்களாயின. ஒரு நாட்டின் சிறிய செல்வத்தைக் கொண்டு ஒரே பாடத்தைப் பல இடங்களில் அரைகுறையாக நடத்துவதினும், பாடங்களைப் பகிர்ந்து ஒவ்வொன்றையும் ஓரிடத்தில் நிறைவாக நடத்துவது நன்று என்பது அதன் அடிப்படை எண்ணம். எண்ணம் பழுதில்லை. ஆனால் எது எங்கே இருக்கவேண்டும் என்பதை எங்கோ ஒரு மேசையிலிருந்து தீர்மானித்தபோது, அந்தந்த வளாகத்தின் குரல் மங்கிற்று. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் வளாகங்களை மீண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாக்கியது.

இவ்விடைக்காலத்தில் ஒரு நற்பேறும் வாய்த்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. அது தொடங்கிய இடம், இராமநாதன் 1921இல் நிறுவிய அதே பரமேசுவராக் கல்லூரி வளவு! பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். அது பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தராக அமர்ந்தவர், பேராதனையிற் கூத்து வளர்த்த வித்தியானந்தனே. 1983இன் வன்செயல்கள் பேராதனையிற் பயின்ற தமிழ் மாணவர் பலரை வடக்குக்கும் கிழக்குக்கும் துரத்தியபோது, தமிழ்ப் பகுதிகளிலும் ஒரு கலைக்கழகம் இருந்ததன் அருமை விளங்கிற்று. மட்டக்களப்பில் 1981இற் கல்லூரியாகத் தோன்றியது 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

பக்கத்திலிருந்தும் தொலைவு

இனி நம் கதைக்கு வருவோம். அட்டனிற் புகையிரதம் ஏறினால், வட்டவளை, நாவலப்பிட்டி, கம்பளை என இறங்கிச் சில மணி நேரத்திற் பேராதனையை அடையலாம். யாழ்ப்பாணத்து மாணவனோ ஓர் இரவு முழுவதும் பயணஞ் செய்து வரவேண்டும். ஆயினும் 1952இல் அங்கே தமிழ் பேசிய மாணவரில் தோட்டத்துப் பிள்ளைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. காரணம் என்ன?

1920ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டங்கள் பாடசாலை நடத்தவேண்டும் என்றது. அப்பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்தன. ஓராசிரியர், ஒரே மண்டபம். பெரட்டுக்குப் போகும் வயது வந்தால் பிள்ளை கொழுந்துக்கூடையையோ முள்ளையோ கையிலெடுத்தது. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் இலவசக் கல்வி தந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலேதான். இடையே 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. ஏணியின் நடுப்படிகள் பிடுங்கப்பட்டிருக்க, உச்சியிலே வாசல் எவ்வளவு அகலத் திறந்திருந்து என்ன பயன்? மைல் கணக்கில் அண்மையாய் வந்த சர்வகலாசாலை, படிக்கணக்கில் நமக்குத் தொலைவிலேயே நின்றது.

அந்நிலை இன்று பெரிதும் மாறியிருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் விரிவுரையாளராகவும் விளங்குகின்றனர். பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழினுட்பத்துக்கே ஒரு பட்டம் வகுத்தது. கொழுந்தெடுத்தவளின் பேத்தி அதே கொழுந்தைப் பற்றிப் பட்டம் பெறலாம் என்னும் காலம் வந்தது. ஆனாலும் நம் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புகளுக்கு ஆசிரியர் பற்றாக்குறை இன்னும் தீரவில்லை.

இவ்வரலாறு நமக்குத் தரும் படிப்பினை இரண்டு. மலையகப் பல்கலைக்கழகம் கட்டாயம் வேண்டும். ஆனால் அது வரும்போது அதிலே என்னென்ன பாடம் இருக்கும் என்று முதலிற் கேட்போமாக. பெயர்ப்பலகை ஒன்றை நாட்டி, நான்கு கலைப்பாடங்களோடு நிறுத்திவிட நாம் இணங்கலாகாது. ‘உங்களுக்குத்தான் தனியிடம் தந்தாயிற்றே’ என்று சொல்லிப் பேராதனையில் தமிழ்மொழியில் நடைபெறும் பாடங்களைக் குறைக்க எவரேனும் எண்ணினால், அதற்கும் இணங்கலாகாது. ஓரிடத்தில் ஒன்று திறக்கும்போது மற்றோரிடத்தில் எது அடைபடுகிறது என்று பார்ப்பது, சட்டத்துறையும் பொறியியலும் இடம்மாறிய கதையிலிருந்து நாம் கற்கவேண்டிய முதற் பாடம்.

இரண்டாவது, அரசாங்கத்திடம் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. பிடுங்கப்பட்ட நடுப்படிகளை மீண்டும் பொருத்தும் வேலை நம்முடையது. வாணி விழாவுக்கு ஆண்டுதோறும் கும்பம் வைத்துப் புத்தகம் அடுக்குகிறோம். பத்தாம் நாள் அவற்றை எடுத்துப் பிள்ளைகளோடு உட்காருபவர் எத்தனை பேர்? படித்து முடித்த தம்பி தங்கைகள் வாரத்தில் ஒரு மாலை சங்க மண்டபத்திற் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுத்தால், அதுவே கலைமகளுக்குச் செய்யும் மெய்யான பூசை. பெரியோர்கள் மண்டபத்தின் விளக்கை இரவு ஒன்பது மணிவரை அணையாது பார்த்துக்கொண்டாற் போதும்.

நம் மலை நீர் நாட்டுக்கு ஒளி தந்தது. அவ்வொளி நம் லயத்துக்கு வந்துசேர நெடுங்காலம் சென்றது. கல்வியின் ஒளியும் அவ்வாறு காலந்தாழ்த்தி வர விடலாகாது. கம்பி இழுக்கும் வேலையை நாமே தொடங்குவோமாக.