ஆக்சிசன் என்ற பெயரும் அமிலமும்

ஆக்சிசன் என்பதற்குக் கிரேக்க மொழிவழிப் பொருள் 'புளிப்பை உண்டாக்குவது'. அமிலங்கள் அனைத்திலும் இவ்வளிமம் உண்டு என நம்பிய பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர், 1770-களின் இறுதியில் இப்பெயரைச் சூட்டினார். கந்தகத்தையோ பாசுபரசையோ எரித்து, கிடைப்பதை நீரில் கரைத்தால் அமிலம் உண்டாகிறது. அவர் அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. சாதாரண உப்பிலிருந்து பெறப்படும் மியூரியாட்டிக் அமிலத்திலும் (இன்றைய ஐதரோகுளோரிக் அமிலம்) ஆக்சிசன் மறைந்திருப்பதாகவே கருதினார்.

அந்த அமிலத்திலிருந்து கிடைத்த பச்சை வளிமத்தை ஆக்சிசன் கலந்த சேர்மம் என்றே அன்று பலரும் நினைத்தனர். இங்கிலாந்தின் ஹம்பிரி டேவி அதில் கரியை வெண்சூடாக்கிப் பார்த்தார். ஆக்சிசன் இருந்திருந்தால் கரி அதைப் பற்றியிருக்கும். எதுவும் நிகழவில்லை. 1810-இல் அவ்வளிமத்தைத் தனிமம் என அறிவித்துக் குளோரின் எனப் பெயரிட்டார். அமிலத்தில் இருந்தவை ஐதரசனும் குளோரினும் மட்டுமே. 1794-இலேயே கில்லட்டினில் உயிரிழந்த லவாய்சியர் இதை அறியவில்லை. ஆக்சிசனின் பெயர் மாற்றப்படவில்லை. பெயர்க்காரணம் கேட்ட மாணவர்களிடம் இந்தத் தவற்றையும் சேர்த்தே நான் சொல்லவேண்டியிருந்தது.