கல்லறைக் கற்களும் உயில்களும்: சென்னையில் முன்னோரைத் தேடுதல்

சென்னை புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பழைய கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து முன்னோரைத் தேடி வருவோர் இங்கிருந்தே தொடங்குவது வழக்கம். ஆனால் இக்கற்களுக்கு உரியவர்களில் பெரும்பாலோர் இங்கே புதைக்கப்பட்டவர்கள் அல்லர்.

கற்கள் இருந்த பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, இன்றைய சட்டக் கல்லூரிப் பகுதியில் இருந்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த உயரமான கல்லறைகள் அவரது படைக்கு மறைவிடமாயின. 1759 பிப்ரவரியில் முற்றுகை நீங்கிய பின் ஆங்கிலேயர் அவற்றை இடித்து, எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தனர். தப்பியவை மிகச் சில. ஜோசப் ஹின்மரும், ஆளுநர் எலிஹு யேலின் மகன் டேவிட்டும் அடக்கமான கல்லறை அவற்றுள் ஒன்று. இருவருக்கும் இரத்த உறவு இல்லை. ஹின்மரின் கைம்பெண்ணான காத்தரினை யேல் 1680இல் மணந்தார். டேவிட் அவர்களுடைய பிள்ளை. இந்த உறவைச் சொல்வது கல் அன்று, தேவாலயத்தின் திருமணப் பதிவேடு. மழையில் தேய்ந்த கல்வெட்டுகளைப் படிக்க ஜே. ஜே. காட்டன் 1905இல் வெளியிட்ட தொகுப்பு இன்றும் உதவுகிறது.

கல் நாட்டுவதற்கு வசதி வேண்டும். அது இல்லாதவர்களைப் பெரும்பாலும் உயில்களில்தான் காண முடியும். 1726ஆம் ஆண்டின் அரச சாசனம் சென்னை மேயர் நீதிமன்றத்துக்கு உயில்களை மெய்ப்பிக்கும் அதிகாரத்தை அளித்தது. லண்டனுக்கு அனுப்பப்பட்ட உயில் நகல்கள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. கடன், வீடு, நகை, வேலையாட்களுக்கு விட்டுச்செல்லும் தொகை எல்லாம் அவற்றில் வரும்.

இந்தியப் பெண்களின் பெயர்களும் வரும். 1780–1785 காலத்து வங்காள உயில்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இந்தியத் துணைவியருக்கோ அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கோ சொத்து எழுதிவைத்ததாக வில்லியம் டால்ரிம்பிள் குறிப்பிடுகிறார். இத்தகைய பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவுகளில் தந்தை பெயர் இருக்கும். தாயின் பெயர் பல வேளைகளில் இராது. ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் ஒன்றின் முதல் தாய் யார் என்பதற்கு அந்த உயிலின் ஒற்றை வரியே சான்றாக மிஞ்சலாம். அதிலும் எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயரே இருக்கும். எழுத்துக்கூட்டலை நம்பாமல் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் மூலப் பெயர் பிடிபடும்.