பெருங்குடல் காயமும் அறுவை மருத்துவமும்



வயிற்றில் கத்தி பாய்ந்து குடல் கிழிந்தவன் பிழைப்பானா? பால்வெட்டுக் கத்தியோடும், செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளோடும் புழங்கும் நமக்கு இது வெறும் கேள்வியன்று. சாலை விபத்தில் வயிற்றில் அடிபட்டாலும் குடல் கிழியலாம். அவற்றுள் மருத்துவர்களை நெடுங்காலம் கலங்கவைத்தது பெருங்குடல் காயம். அதற்கு அவர்கள் வழி கண்ட வரலாற்றை இன்று பார்ப்போம்.

நாம் உண்ட உணவின் சக்கை மலமாகத் திரளும் இடம் பெருங்குடல். அதில் கோடிக்கணக்கான கிருமிகள் வாழ்கின்றன. குடலுக்குள் இருக்கும்வரை அவற்றால் தீங்கில்லை. குடலில் ஓட்டை விழுந்தாலோ, மலமும் கிருமிகளும் வயிற்றறைக்குள் கசியும். வயிறு பலகைபோல் இறுகும், காய்ச்சல் ஏறும், நஞ்சு உடலெங்கும் பரவி உயிரைப் பறிக்கும்.

1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்தது. வயிற்றில் குண்டு பட்டவர்களுக்கு அறுவை செய்யாமல் விடுவதே மேல் என்று பிரிட்டிஷ் மருத்துவர்கள் அப்போது கருதினர். அறுவை செய்யப்பட்டவர்கள் பலர் மாண்டதே காரணம். ஆனால், நெடுந்தூரம் வண்டியில் குலுங்கிக் காலங்கடந்து வந்தவர்களை எந்தக் கத்தியால் காப்பாற்ற முடியும்?

1904-1905இல் ருஷ்யாவும் ஜப்பானும் போரிட்டன. ருஷ்யப் பெண் மருத்துவர் வேரா கெத்ராய்த்ஸ், போர்முனைக்கு அருகில் இரயில் பெட்டியையே அறுவைக்கூடமாக்கினார். வயிற்றுக் காயம் பட்டவர்களுக்குத் தாமதமின்றி அறுவை செய்து பலரைக் காப்பாற்றினார். முதல் உலகப் போரில், 1915 வாக்கில், பிரிட்டிஷ் மருத்துவர்களும் இவ்வழிக்கு வந்தனர். அப்படியிருந்தும், பெருங்குடலில் காயம்பட்ட 100 பேரில் ஏறக்குறைய 60 பேர் இறந்தனர். தைத்த இடம் மீண்டும் பிரிந்து கசிந்ததும் அதற்கு ஒரு காரணம்.

இரண்டாம் உலகப் போரில், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பணியாற்றிய பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஓகில்வி ஒரு வழியை வற்புறுத்தினார். காயம்பட்ட குடலைத் தைத்து உள்ளே விடாதே, வயிற்றின் மேல் வாயில் வைத்து வெளியே கொண்டுவா, மலம் வெளியேறட்டும், உடல் தேறியபின் மூடிக்கொள்ளலாம் என்பதே அது. 1943இல் அமெரிக்க இராணுவம் இதைக் கட்டளையாகவே பிறப்பித்தது. சாவு 100க்கு 30 அளவுக்குக் குறைந்தது.

பெருமை முழுவதும் அந்த வாயிலுக்கே போயிற்று. இரத்தம் ஏற்றியது, பெனிசிலின் கொடுத்தது, காயம்பட்டவரை விரைவாகக் கொண்டுவந்தது ஆகியவற்றுக்கும் அதில் பங்கு உண்டல்லவா? போர் முடிந்த பின்னும் ஊர் மருத்துவமனைகள் போர்க்களக் கட்டளையையே பின்பற்றின.

1951இல் அமெரிக்காவில் வுட்ஹால், ஆக்ஸ்னர் என்ற இரு மருத்துவர்கள், நகரத்தில் காயம்பட்டு வருவோர்க்கு நேராகத் தைத்தாலே போதும் என்று எடுத்துக்காட்டினர். பலர் நம்பவில்லை. 1979இல் ஸ்டோன், ஃபேபியன் என்போர் இதைச் சோதித்தனர். கடும் இரத்தப்போக்கு உள்ளவர்களையும் காலந்தாழ்ந்து வந்தவர்களையும் ஒதுக்கிவிட்டு, மற்ற 139 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு சாராருக்கு நேராகத் தையல். மறு சாராருக்கு வெளிவாயில். தைக்கப்பட்டவர்கள் கூடுதலாக இறக்கவில்லை. அவர்களுக்குச் சீழ்பிடிப்பதும் குறைவு; மருத்துவமனையில் தங்கிய நாளும் குறைவு. அதன்பின் வந்த ஆய்வுகளும் இதையே உறுதிசெய்தன. இன்று பெரும்பாலோருக்கு, கிழிந்த குடலைத் தைக்கிறார்கள். மிகவும் சிதைந்திருந்தால் அப்பகுதியை வெட்டி முனைகளை இணைக்கிறார்கள். நிலைமை மோசமானவர்களுக்கே வெளிவாயில் வைக்கிறார்கள்.

நேயர்களே, இவ்வரலாற்றில் முறைகள் மாறின. ஒன்று மட்டும் மாறவில்லை. விரைந்து வந்தவனே பிழைத்தான். ஆகவே வயிற்றில் காயம்பட்டவருக்கு உணவோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். குத்தி நிற்கும் கத்தியைப் பிடுங்காதீர்கள். வெளியே வந்த குடலை உள்ளே தள்ளாமல், சுத்தமான ஈரத்துணியால் மூடுங்கள். வலி குறைந்தது என்று விடியும்வரை காத்திராமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

வயிற்றில் பையோடு யாரேனும் வீடு திரும்பினால் அருவருத்து ஒதுக்காதீர்கள். பலருக்குச் சில மாதங்களில் அந்த வாயிலை மூடிவிடலாம். ஒருவரின் உயிரை மீட்டுத் தந்த வழி அது. அதில் வெட்கப்பட ஏதுமில்லை.