கல்முனையும் ஆகாய மார்க்கமும்

விமான நிலையங்கள் இரண்டுக்கு இடையிலுள்ள தூரத்தைத் தேசப்படத்தின்மீது கோடிட்டு அளந்துவிடுதல் எளிது. ஆயினும் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களின் சரித்திரத்தை ஆராய்வோருக்கு, அக்கோட்டின் முனையிலிருந்து வீட்டு வாசல் வரையுள்ள தூரமே பிரதானமாய்ப் படும். 1928-இல் மட்டக்களப்பை எட்டிய ரெயில்பாதை அதற்குத் தெற்கே வரவேயில்லை. ஆதலால் மருதமுனைக் கைத்தறிப் புடைவையைக் கொழும்புக்குக் கொண்டுசென்ற வியாபாரியும், வழக்குக்கோ வைத்தியத்துக்கோ புறப்பட்டவரும், வாவியையொட்டி வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சென்றே கோச்சி ஏற வேண்டியிருந்தது.

1949-இல் கல்லோயா அபிவிருத்திச் சபை ஸ்தாபிக்கப்பட்டு, இங்கினியாகலையில் அமெரிக்கக் கம்பெனியொன்று அணை கட்டத் தொடங்கியபின், காடாய்க் கிடந்த அம்பாறை நகரமாயிற்று. அதனருகே அமைந்த விமானத்தளமும் கல்லோயா என்ற பெயரையே தாங்கிற்று. 1947 டிசம்பர் 10-ஆந் திகதி, சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி எனப் பெயர்பூண்ட டகோட்டாக்களைக் கொண்டு சேவை தொடங்கிய எயார் சிலோன் ஸ்தாபனம், பின்னர் இரத்மலானையிலிருந்து இத்தளத்துக்கும் விமானம் விட்டது. இடைத்தூரம் சுமார் 200 கிலோமீட்டர். நேர்கோடு 2,524 மீட்டர் உயரமான பிதுருதலாகலை மலைக்குச் சற்று வடக்கே செல்வதால், மணிக்கு 250 கிலோமீட்டர் அளவில் பறந்த டகோட்டா, ஏறுதற்கும் இறங்குதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தும், ஒரு மணி நேரத்தில் மலைநாட்டைக் கடந்துவிடக் கூடியது. 1958 நவம்பரில் மட்டக்களப்பிலும் ஒரு தளம் திறக்கப்பட்டது. ஆகாயத்தில் அது 20 கிலோமீட்டரே அதிகம், அதாவது ஐந்து நிமிஷம். கல்முனையானுக்கோ சம்மாந்துறை வயல்களுக்கு அப்பாலுள்ள கல்லோயாத் தளமே சமீபமானது.

இச்சௌகரியம் நிலைக்கவில்லை. 1978 செப்டம்பரில் எயார் சிலோனின் ஆவ்ரோ விமானம் இரத்மலானையில் குண்டுவெடித்து அழிந்தது. ஸ்தாபனமும் விரைவில் மறைந்தது. 1983-இல் மட்டக்களப்புத் தளம் விமானப் படையின் வசமாயிற்று. யுத்த காலத்தில் ஆகாய மார்க்கம் அதிகாரத்திலிருந்தோருக்கே உரியதாயிற்று. அவர்களுக்கும் அது க்ஷேமமானதாய் இருக்கவில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழக் காரணராயிருந்த அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப், 2000 செப்டம்பர் 16-இல் கொழும்பிலிருந்து அம்பாறை நோக்கி வந்த ஹெலிகொப்டர் அரநாயக்க மலைச்சாரலில் வீழ்ந்து மாண்ட துக்கத்தை இக்கரையோரம் இன்றும் மறக்கவில்லை.

விந்தையென்னவெனில், விமானம் இவ்வூர்களை விட்டகன்ற அதே காலத்திலேதான் இவ்வூரார் முன்னெப்போதையும்விட அதிகமாக விமானமேறத் தலைப்பட்டனர். எழுபதுகளின் பிற்பகுதி முதல் வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றோர் எத்தனையோ பேர். ஒருகாலத்தில் கப்பலில் சென்ற ஹஜ் யாத்திரிகரும் விமானத்துக்கு மாறினர். மட்டக்களப்புத் தளம் 2018-இல் மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதெனினும், கடல்கடந்து செல்வோருக்கு இன்றும் கட்டுநாயக்கவே கதி. அங்கிருந்து ஜித்தா நேர்கோட்டில் சுமார் 4,650 கிலோமீட்டர். ஏறக்குறைய ஆறு மணி நேரப் பறப்பு. கல்முனையிலிருந்து கட்டுநாயக்க செல்லும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வீதிக்கோ, முதிய ஹாஜிமார் வாகனத்தில் அமர்ந்தபடியே ஓரிரவு முழுவதையும் கொடுக்க வேண்டியிருக்கிறது.